‘கை’யும் ‘ஆறு’ம்: சூது அதிகாரத்தின் முன் தொழில்முறைச் சீட்டாட்டக்காரர்

ஆய்வுச் சுருக்கம்

போக்கர் என்னும் சீட்டாட்டத்தையே வாழ்வாதாரமாகக் கொண்டவர்கள், தம் வெற்றி வாய்ப்பால் வருவதன்று, திறனால் வருவது என்று வாதிடுகின்றனர். இந்திய நீதிமன்றங்கள் அரைநூற்றாண்டுக்கு மேலாகச் சூதையும் விளையாட்டையும் பிரிக்க இதே அளவுகோலைக் கையாண்டுள்ளன. தமிழிலக்கிய மரபு இவ்வாதத்தை முன்னரே அறிந்திருந்தது என்பதையும், திருக்குறளின் சூது அதிகாரம் திறனை ஒப்புக்கொண்ட பின்னரும் சூதை மறுக்கிறது என்பதையும், அம்மறுப்பின் இயல்பைச் சோமனூர் விசைத்தறித் தொழிலோடு ஒப்பிட்டுத் தெளியலாம் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: சூது, போக்கர், திருக்குறள், பாஞ்சாலி சபதம், நளவெண்பா, ஆயம், கழகம், சோமனூர், விசைத்தறி.

முன்னுரை

சூது அதிகாரத்தைப் பாடம் நடத்திய வகுப்பொன்றில் சோமனூர்ப் பகுதியிலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்து, “ஏனுங்கய்யா, இதெல்லாம் தோக்கறவனுக்குச் சொன்னதுங்க, ஜெயிச்சுட்டே இருக்கறவனுக்கும் பொருந்துங்களா?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. வினா சிரிப்புக்குரியதன்று. சூது பற்றிய நம் உரைகளும் பட்டிமன்றப் பேச்சுகளும் தோற்றவனின் கதையையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நாடிழந்த தருமன், ஆடையும் இழந்த நளன், இணையவழி ரம்மியில் கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்ட நம் காலத்து இளைஞர் ஆகிய எல்லோரும் தோற்றவர்களே. ஆண்டுக் கணக்கில் கணக்குப் பார்த்து, இழப்பினும் வரவு மிகும்படி ஆடி, அதனால் குடும்பம் நடத்தும் ஒருவரை இக்கதைகளால் எதிர்கொள்ள இயலாது. அவர் தம்மைச் சூதர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். தொழில்முறை ஆட்டக்காரர் என்பார். அந்தத் ‘தொழில்’ என்னும் சொல்லை அவருக்கு வழங்கலாமா என்பதே இக்கட்டுரையின் சிக்கல்.

சொல் வழக்கிலிருந்தே தொடங்கலாம். கொங்கு வட்டாரத்தில் ‘சீட்டு’ என்பது இரண்டுக்கும் பொது. சீட்டுப் போடுவதும் சீட்டு எடுப்பதும் சேமிப்பு, சீட்டாடுவது சூது. பெயர் ஒன்றாயினும் வினை பிரித்துவிடுகிறது. தொழில் செய்யப்படுவது, சூது ஆடப்படுவது என்று இதனைக் கொண்டு முடிவுகட்டிவிடத் தோன்றும். ஆயின் ஆடலையே வாழ்வாகக் கொண்ட கூத்தரையும் விறலியரையும் போற்றிய மரபு நம்முடையது. ‘ஆடு’ என்னும் வினை மட்டுமே ஒருவரைத் தொழிலிலிருந்து விலக்கிவிடாது. திருவள்ளுவரும் ஆட்டத்தை ஆட்டம் என்பதற்காக வெறுத்தவர் அல்லர். நூலறிவின்றி அவையில் பேசுதலை அரங்கு வகுக்காமல் வட்டாடுவதோடு அவர் ஒப்பிடுகிறார் (குறள் 401). கல்வியைப் பற்றிப் பேசுமிடத்தில் ஆட்டத்தின் ஒழுங்கு உவமையாக நிற்கிறது.

தொழில்முறை ஆட்டக்காரர் செய்வது என்ன?

போக்கரில் இன்று பரவலாக ஆடப்படும் வகையான டெக்சாஸ் ஹோல்டெமில், ஒவ்வொருவரும் பிறர் காணாத இரண்டு சீட்டுகளைப் பெறுவர். ஐந்து பொதுச் சீட்டுகள் மேசையில் படிப்படியாகத் திறக்கப்படும். இடையே நான்கு சுற்றுகளாகப் பந்தயம் நடக்கும். 52 சீட்டுகளிலிருந்து இரண்டைப் பெறும் வகைகள் 1,326. இரண்டும் ஆஸ் ஆக அமைவது சராசரியாக 221 முறைக்கு ஒருமுறை. அவ்வாறு அமைந்தும், ஏதோ இரண்டு சீட்டுகளை வைத்திருக்கும் ஒரே ஓர் எதிராளியிடம் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைந்து முறை தோற்க நேரும். எனவே ஓர் ஆட்டம், ஓர் இரவு, ஒரு மாதம் ஆகியவற்றின் முடிவு எதையும் மெய்ப்பிப்பதில்லை. தொழில்முறை ஆட்டக்காரர் தம் முடிவுகளை ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் சராசரியில் அளக்கிறார், ஒரே அமர்வில் மூலதனத்தின் சிறு பகுதிக்கு மேல் வைப்பதில்லை, சினத்தோடு ஆடுவதில்லை, தம்மினும் வல்லவர் நிரம்பிய மேசையைவிட்டு எழுந்துவிடுகிறார்.

இக்கடைசிப் பழக்கம் சிந்தனைக்குரியது. அவருடைய வருவாய் அவர் திறனிலிருந்து மட்டும் வருவதன்று. அவர் திறனுக்கும் எதிரில் இருப்பவர் திறனுக்கும் உள்ள இடைவெளியிலிருந்து வருகிறது. மேசையில் ஒன்பதின்மரும் ஒத்த வல்லவராயின் எவருக்கும் வருவாய் இல்லை. மாறாக, மேசையை நடத்துவோர் ஒவ்வோர் ஆட்டத்திலும் எடுத்துக்கொள்ளும் பங்கினால் அனைவரும் மெல்ல இழப்பர். கௌடலீயரின் அர்த்தசாத்திரத்திலும் சூதாடு களத்தின் அதிகாரி வென்ற பொருளில் நூற்றுக்கு ஐந்து எடுத்துக்கொள்கிறார். களத்தின் கணக்கு அன்றிலிருந்து பெரிதும் மாறிவிடவில்லை.

இவ்வாழ்வைப் பரிவோடு எழுதியவர்களும் உண்டு. ஆங்கிலக் கவிஞரும் திறனாய்வாளருமான ஏ. ஆல்வரெஸ் லாஸ் வேகாஸ் ஆட்டக்காரர்களை நேரில் கண்டு 1983இல் ஒரு நூல் வெளியிட்டார். பணத்தைப் பணமாக எண்ணுபவரால் அங்கு நிலைக்க முடியாது என்பது அந்நூல் காட்டும் உண்மைகளுள் ஒன்று. வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் உரிய தொகை என்ற நினைவு வந்துவிட்டால் கை தயங்கும். ஆகவே பணம் அவருக்கு வெறும் கருவி. தச்சருக்கு உளி போல என்று சொல்லத் தோன்றினாலும் ஒப்புமை பொருந்தவில்லை. தச்சர் உளியால் மரத்தைச் செதுக்குகிறார். இவர் பணத்தால் பணத்தையே செதுக்குகிறார்.

சகுனியின் வாதமும் நீதிமன்றத்தின் வாதமும்

1930ஆம் ஆண்டுச் சென்னைச் சூதாட்டச் சட்டம் வெறும் திறன் சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்களித்தது. செகந்திராபாத் மன்றம் ஒன்றைப் பற்றிய சத்யநாராயணா வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றம், விழும் சீட்டுகளை நினைவில் வைத்துச் சேர்க்கவும் கழிக்கவும் வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பான்மையும் திறன் சார்ந்தது என்றும், மூன்று சீட்டு ஆட்டம் அவ்வாறன்று என்றும் கூறியது. 1996இல் லட்சுமணன் வழக்கில் குதிரைப் பந்தயமும் திறன் பக்கம் சேர்ந்தது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்களாகப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அப்பட்டியலை மட்டும் நீக்கி, அவ்விரண்டும் திறன் ஆட்டங்களே என்றது. அறிவியல் நோக்கில் இதனை மறுப்பது கடினம். 2019இல் ‘ப்ளூரிபஸ்’ என்னும் கணினி நிரல் அறுவர் ஆடும் மேசையில் முன்னணி ஆட்டக்காரர்களை வென்றது. வெறும் வாய்ப்பாயின் எந்த நிரலும் அங்கே மேம்பட்டு நிற்க முடியாது.

இவ்வாதம் நமக்குப் புதியதன்று. பாரதியின் பாஞ்சாலி சபதத்தில், சூதுக்கு இசையாது நிற்கும் தருமனிடம் சகுனி சொல்வது இதையேதான். எத்தொழிலிலும் தேர்ந்தவன் வெல்வான், தேர்ச்சியற்றவன் தோற்பான். வாட்போரிலும் அவ்வாறே, நூல் வாதத்திலும் அவ்வாறே. அவற்றை யாரேனும் வஞ்சகம் என்பரோ என்பது அவன் கேள்வி. வியாச பாரதத்தின் சபா பருவத்திலும் இவ்வாதத்தின் வித்து உண்டு. பாரதி அதைக் கூர்மையாக்கி, ‘தொழில்’, ‘தேர்ச்சி’ என்னும் சொற்களையே சகுனியின் வாயில் வைத்தார். காவியத்தின் முதற்பகுதி வெளிவந்த 1912ஆம் ஆண்டையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் ஆண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், திறன் வாதம் நீதிமன்றத்தில் அரங்கேறுவதற்கு 55 ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் கவிதையாகிவிட்டது.

இங்கே ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். சகுனியின் வாதத்துக்குத் தருமனிடம் உரிய விடை இல்லை. முனிவர்கள் சூதை இகழ்ந்ததை எடுத்துச் சொல்கிறான். அறப்போரே தக்கது என்கிறான். இறுதியில் ஊழுக்கும் வழக்கத்துக்கும் பணிந்துவிடுகிறான். வில்லிபுத்தூரார் முதலாக வந்த மரபும் மாயக் கவறு, வஞ்சனை ஆகிய சொற்களால் சகுனியைக் கடந்து செல்கிறதேயன்றி, அவன் கேள்வியை எதிர்கொள்ளவில்லை. கவறு நேர்மையாக உருண்டிருந்தால்? தேர்ச்சி மட்டுமே வென்றிருந்தால்? காவியம் இக்கேள்விக்கு இடம் வைக்கவில்லை. வெல்பவன் வஞ்சகனாகவே இருந்தாக வேண்டும் என்பது அதன் கட்டமைப்பின் தேவை. பாரதியின் சினமும் தருமன் தோற்றதன்மீது அன்று, வைத்த பொருளின்மீது செல்கிறது. கோயில் பூசகன் சிலையை விற்பது போலவும், வீட்டுக் காவலன் வீட்டையே வைத்து இழப்பது போலவும் தன்னுடையதல்லாத நாட்டைப் பணயம் வைத்தான் என்பதே அவர் சாட்டும் குற்றம். தம் சொந்தப் பணத்தையே வைத்தாடும் தொழில்முறை ஆட்டக்காரரை இச்சினமும் தீண்டாது.

நளன் கற்ற எண்

நேர்மையாக வென்ற ஒருவன் மரபில் உண்டு, அவன் நளன். புகழேந்தியின் நளவெண்பாவில் கலிதொடர் காண்டத்து நளன் தோற்றவன். கலிநீங்கு காண்டத்தில் அவன் தேரோட்டியாக உருமாறிச் செல்லும் வழியில், இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தின் காய்களைப் பார்த்த அளவில் எண்ணிச் சொல்கிறான். தேர் செலுத்தும் கலையைக் கொடுத்து நளன் அவ்வெண்ணும் வித்தையைப் பெறுகிறான். தான்றிக் காயே பண்டை வடஇந்தியாவில் கவறாகப் பயன்பட்டது என்பதை நினைத்தால் இக்காட்சியின் உட்பொருள் விளங்கும். பார்த்ததைக் கொண்டு பாராததை மதிப்பிடுதல் போக்கர் ஆட்டக்காரரின் அடிப்படைக் கலை. வித்தை வந்தவுடன் கலி நீங்குகிறான். அதாவது இக்கதை சூதின் தீங்கைக் கணிதமின்மையாகக் காண்கிறது. தொழில்முறை ஆட்டக்காரர் தமக்கொரு முன்னோரைத் தேடினால் சகுனியை விட்டு நளனையே சுட்டலாம்.

எனினும் நளன் வென்ற பின் செய்வது வேறு. இழந்த நாட்டை மீட்டதோடு அவன் எழுந்துவிடுகிறான், கதையும் முடிந்துவிடுகிறது. அவன் கற்றது களத்திலிருந்து வெளியேறும் வித்தை. தொழில்முறை ஆட்டக்காரரோ நாளையும் அதே களத்துக்கு வர வேண்டியவர். நாளையும் அங்கே எண்ணத் தெரியாத ஒரு பழைய நளன் அமர்ந்திருக்க வேண்டும். அவர் நளனின் வித்தையோடு புட்கரனின் இடத்தில் அமர்கிறார்.

சூது அதிகாரம்: ஒரு மறுவாசிப்பு

கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே 94ஆம் அதிகாரமாக வைக்கப்பட்ட சூது, பொருட்பாலைச் சேர்ந்தது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். வள்ளுவர் இங்கே பாவம் பற்றிப் பேசவில்லை. பொருள் பற்றிப் பேசுகிறார். ஆகவே வகுப்பில் மாணவர் எழுப்பிய வினாவைப் பத்துக் குறளிடமும் கேட்டுப் பார்ப்பது முறையே.

சில குறள்கள் தொழில்முறை ஆட்டக்காரரைத் தீண்டவில்லை. இழக்குந்தோறும் சூதின்மேல் காதல் வளரும் என்பது 940ஆம் குறள். காதலற்று ஆடுவதே அவர் பயிற்சி என்பதால் அது அவருக்குப் பொருந்தாது. சூது பொய்யை மேற்கொள்ளச் செய்யும் என்பது 938. போக்கரில் இல்லாத சீட்டை இருப்பதாகக் காட்டிப் பந்தயம் உயர்த்துவது விதிக்குட்பட்ட உத்தி. அனைவரும் அறிந்த பொய், பொய்யாமா என்று அவர் கேட்கலாம். இக்கேள்விக்கு எளிதில் விடை சொல்லிவிட முடியாது என்பதே என் கருத்து.

935ஆம் குறள் அவ்வாறு தப்பவிடுவதில்லை. கவறு, கழகம், கை ஆகிய மூன்றையும் செருக்கோடு பற்றியிருந்தவர் இல்லாதவராயினர் என்கிறது அது. கழகம் என்பது சூதாடு களம். பல்கலைக்கழகத்தில் பணிபுரிவோர் இச்சொல்லின் பயணத்தை எண்ணிப் புன்னகைக்கலாம். ‘கை’ என்பதற்குப் பரிமேலழகர் ஆடற்கு வேண்டிய கைத்தொழில் என்று பொருள் கொள்கிறார். திறன் இங்கே பெயர் சுட்டி ஒப்புக்கொள்ளப்படுகிறது. அதாவது, சூது வெறும் வாய்ப்பு என்பதால் வள்ளுவர் அதை மறுக்கவில்லை. திறன் உண்டென்று அறிந்தே மறுக்கிறார். திறன், வாய்ப்பு என்னும் பிரிவினை அவர் அளவுகோலே அன்று.

அவருடைய அளவுகோல் 932இல் இருக்கிறது. ஒன்றைப் பெற்று நூற்றை இழக்கும் சூதர்க்கு நன்மை எய்தி வாழ்வதோர் ‘ஆறு’ உண்டோ என்று அது வினவுகிறது. ஆறு என்பது வழி, நெறி. வாழ்வழி உண்டா என்ற இக்கேள்வி தொழில் பற்றிய கேள்வியே. ‘நான் நூற்றை இழக்கவில்லையே’ என்று தொழில்முறை ஆட்டக்காரர் மறுப்பார். அவர் கணக்கேட்டின்படி அது மெய்யே. ஆயினும் குறள் ‘சூதர்’ என்று பன்மையில் பேசுகிறது. கணக்கை ஒருவரிடமிருந்து மேசைக்கு மாற்றிப் பார்த்தால், ஒன்று பெறுவதும் நூறு இழப்பதும் வெவ்வேறு ஆட்களிடம் பிரிந்து கிடப்பதைக் காணலாம். அவர் அக்குறளின் விதியை முறியடிக்கவில்லை. அதன் இழப்புப் பகுதியைப் பிறர்மேல் இறக்கி வைத்திருக்கிறார். ‘சூதர்’ என்பதை இவ்வாறு மேசை முழுமைக்குமான பன்மையாகக் கொள்வது உரையாசிரியர் வழியினின்று விலகுவது என்பதை அறிவேன். எனினும் வெல்பவரைக் குறளுக்குள் கொண்டுவர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வெற்றியே தூண்டில் இரும்பை மீன் விழுங்கியதற்கு ஒப்பாகும் என்னும் 931உம் இதற்குத் துணை நிற்கிறது. அங்கே இகழப்படுவது தோல்வியன்று, வெற்றி.

‘ஆயம்’ என்னும் சொல்லாட்சியும் நோக்கத்தக்கது. 933இல் உருளும் கவற்றின் ஆயமும் பொருளின் ஆயமும் எதிரெதிராக வைக்கப்படுகின்றன. ஆயம் என்பது வருவாய்; அரசுக்கு வரும் இறையும் ஆயமே. ஒரே சொல்லால் குறிக்கப்படினும் ஒன்று மற்றொன்றைத் துரத்திவிடும் என்கிறது குறள். இந்திய வருமான வரிச் சட்டமும் தற்செயலாக இதே கோட்டை இழுத்துள்ளது. சீட்டாட்ட வெற்றியை அது தொழில் வருமானமாகக் கொள்ளாமல் பிற வழி வருமானமாக்கி, செலவுக் கழிவு எதுவும் தராமல் 30 விழுக்காடு வரி விதிக்கிறது. திறன் என்று ஒரு சட்டம் ஒப்பியதை, தொழில் என்று மற்றொரு சட்டம் ஒப்பவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டமோ, பணம் வைத்தாடும் இணைய ஆட்டம் திறன் சார்ந்ததாயினும் வாய்ப்புச் சார்ந்ததாயினும் இரண்டும் கலந்ததாயினும் தடை என்று அறிவித்தது. நீண்ட வழக்காடலுக்குப் பின் சட்டம் அந்த அளவுகோலைக் கைவிட்டு, 935ஆம் குறள் நிற்குமிடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தடை நன்மை பயக்குமா, ஆட்டத்தை மறைவிடத்துக்குத் துரத்துமா என்பது வேறு ஆய்வுக்குரியது.

தறியும் மேசையும்

இடர் உள்ள பிழைப்பெல்லாம் சூதல்லவா என்று ஒருவர் கேட்கலாம். சோமனூரில் இக்கேள்விக்கு வலு உண்டு. அங்குள்ள விசைத்தறியாளர் பெரும்பாலோர் துணி உற்பத்தியாளரிடமிருந்து பாவும் ஊடை நூலும் பெற்று, காடாத் துணியாக நெய்து கொடுத்து, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்கள். பஞ்சு விலை, நூல் விலை, மின் கட்டணம், வடமாநிலச் சந்தை எதுவும் அவர்கள் கையில் இல்லை. 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 விழுக்காடும் பல்லடம் ரகத்துக்கு 20 விழுக்காடும் கூலி உயர்வு அறிவிக்கப்பட்டது. அது நடைமுறைக்கு வராமையால் 2022 சனவரியில் தறிகளை நிறுத்தினர்; வாரக்கணக்கில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறி ஓசை அடங்கிக் கிடந்தது. கடன் வாங்கித் தறி போட்டவர், போக்கர் மேசையில் அமர்ந்தவரைவிட அதிகமாகவே வாய்ப்பின் கையில் இருக்கிறார். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் ஏற்ற இறக்கங்களில் சிக்கிய நண்பர்களை எழுதும் எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல்கடிகை’யும் இத்தகைய உலகையே காட்டுகிறது. இடரைக் கொண்டு மட்டும் சூதைப் பிரித்தறிய முடியாது.

இரண்டையும் வேறாக்குவது மூன்றாவதாகப் பிறக்கும் ஒன்று. தறியாளரும் உற்பத்தியாளரும் கூலிக்காக மோதுகின்றனர். ஒருவர் இழப்பு மற்றவர் வரவாகவும் அமையலாம். ஆயினும் மோதலுக்கு இடையே துணி வெளிவருகிறது. அத்துணியை அவ்விருவரையும் அறியாத ஒருவர் உடுத்துகிறார். போக்கர் மேசையில் விடியும்போது இருப்பது, மாலையில் வந்த அதே பணம், களத்தின் பங்கு போக, வேறு கைகளில். பார்வையாளர் கட்டணம் செலுத்திக் காணும் போட்டிகளில் கூத்தருக்குரிய நியாயம் அவருக்கும் கிடைக்கக்கூடும் என்பதை மறுக்கவில்லை. அங்கே காண்போர் பெறும் இன்பம் மூன்றாவது பொருளாகிறது. அன்றாடப் பண மேசையில் அதுவும் இல்லை.

இவ்விடத்தில் காலம் பற்றிய 937ஆம் குறளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கழகத்தில் ‘காலை’ புகுந்தால் பழைய செல்வமும் பண்பும் கெடும் என்னும்போது, பரிமேலழகர் ‘காலை’யை அறம் பொருள் இன்பங்களுக்கென்று அமைந்த காலமாகக் கொள்கிறார். தறிக் குடோனில் இரவு ஷிப்ட் நின்றவரின் பன்னிரண்டு மணி நேரம் மீட்டர் கணக்கில் சுருளாகக் கிடக்கிறது. மேசையில் கழிந்த பன்னிரண்டு மணி நேரம் கணக்கேட்டில் ஓர் எண்ணாக மட்டும் எஞ்சுகிறது. எண் மிகையாக இருப்பினும் அது ஓர் எண்ணே.

அம்மாணவருக்கு அடுத்த வகுப்பில் 932ஐயும் 935ஐயும் இவ்வாறு விளக்கினேன். அவர் ஒப்புக்கொண்டாரா என்று சொல்ல இயலாது. “அப்படீன்னா பஞ்சை வாங்காமலே, விக்காமலே, விலை மேல மட்டும் பணம் கட்டறாங்களே, அது எந்தப் பக்கமுங்கய்யா?” என்று மீண்டும் கேட்டார். 939ஆம் குறளை எடுக்கச் சொன்னேன். ஆயத்தை மேற்கொண்டால் ஒருவனைச் சேராது விலகும் ஐந்தை அது அடுக்குகிறது: உடை, செல்வம், ஊண், ஒளி, கல்வி. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை அவ்வரிசையின் முதற்சொல்லில் சற்று நேரம் நின்றார்.